‘பிள்ளைகளே உருவாக்கிய நாடகம்’ என்பது உண்மையா, பேச்சுக்கா?

கேள்வி | 12 ஜூன் 2025, காலை

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. கலைத் திருவிழா வந்தால் நாடகம் என் தலையில்தான் விழும். இப்போதெல்லாம் ‘மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கியது’ என்று போட்டுக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஏழாம் வகுப்புப் பையன் ‘சமூகக் கட்டமைப்பு’ என்று வசனம் பேசுகிறான். எதற்கு இந்தப் பொய்? எழுதிக் கொடுத்து, நன்றாகப் பயிற்சி கொடுத்து மேடையேற்றுவதே நேர்மை என்பது என் கட்சி. பிள்ளைகளிடம் விட்டால் மேடையில் உளறுவார்கள்; அவமானமும் அவர்களுக்குத்தான். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பதில் | 12 ஜூன், இரவு

பள்ளிகளில் பிள்ளைகளோடு நாடகம் செய்கிறவன் நான். பாதியை ஒத்துக்கொள்கிறேன். பெரியவர் எழுதியதை ஒப்பிக்க வைத்துவிட்டுப் பிள்ளைகள் உருவாக்கியது என்று போடுவது அவர்கள் பெயரைத் திருடுவது. ஆனால் அதிலிருந்து ‘எழுதிக் கொடுப்பதே நேர்மை’ என்று முடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

இந்த வேலை செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகள் சொன்னதால் எதை மாற்றினீர்கள்? எதையும் சொல்ல முடியவில்லை என்றால் அது உங்கள் நாடகம், உங்கள் பெயரையே போடுங்கள்.

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் தண்ணீரைப் பற்றி நாடகம் கேட்டார்கள். என் மனதில் ஒரு கதை இருந்தது. மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் பொறுப்பில்லாதவர், குழாயில் தண்ணீர் வரவில்லை, பெண்கள் குடத்தோடு திரண்டு போய்க் கேட்கிறார்கள். வட்டமாக உட்கார்ந்து இதைச் சொன்னதும் ஒரு பெண், “அவரு இன்னாண்ணா பண்ணுவாரு? அவருக்கே மூணு மாசமா சம்பளம் வரலையாம்” என்றாள். அவள் பக்கத்தில் இருந்த பையன், மோட்டார் ரூம் சாவி அவரிடமே இல்லை, அவர் வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிறது, த்ரீ பேஸ் கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால் அந்தம்மாதான் எழுந்து போகிறார் என்றான். மற்ற பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம், எனக்குத் தெரியாது.

என் வில்லன் அங்கேயே போய்விட்டார். அந்த அம்மா டார்ச் லைட்டோடு இருட்டில் நடந்து போவதில் நாடகம் தொடங்கியது. வழியில் நாய், சுடுகாட்டுத் திருப்பம், தூங்காத கிழவி ஒருத்தி என்று காட்சிகள் தாமாக வந்து சேர்ந்தன. எத்தனை நாள் உட்கார்ந்தாலும் என்னால் அதை எழுதியிருக்க முடியாது.

13 ஜூன்

‘உளறுவார்கள்’ என்றதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு வரி விட்டுப்போனால் அடுத்த வரியும் வராது. பக்கவாட்டில் நிற்கும் ஆசிரியரைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையைத்தான் நீங்கள் அவமானம் என்கிறீர்கள், சரிதான். காட்சியைத் தானே செய்து செய்து உருவாக்கிய பிள்ளைக்கு அந்த இடத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். சாவியை வாங்க வந்திருக்கிறோம், வாங்காமல் போகக் கூடாது. வரி மறந்தால் வேறு வரி சொல்லும். எதிரில் நிற்கும் பிள்ளைக்கும் அது தெரியும் என்பதால் தாங்கிப் பிடிக்கும்.

அதற்காக எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. முதலில் ஆடட்டும், பிறகு எழுதலாம். செல்போனை பெஞ்சில் வைத்துப் பதிவு செய்வேன். அதே காட்சியை வேறு பிள்ளைகள் மறுபடி செய்வார்கள். எல்லாரும் சிரித்த வரி, எல்லாரும் அமைதியான வரி எது என்று அவர்களிடமே கேட்டு, அவற்றை மட்டும் கரும்பலகையில் எழுதுவோம். நோட்டில் ஏறும் பிரதி அப்படி உருவாவதுதான்.

15 ஜூன்

ஒருவர் கேட்டிருக்கிறார்: சிறுவர்களையே வைத்து நாடகம் போட்ட அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளில் அவர்கள் மனப்பாடம் செய்துதானே பெரிய நடிகர்கள் ஆனார்கள்?

ஆனார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது அவர்களில் ஒருவரான டி. கே. சண்முகத்துக்கு ஆறு வயது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும்கூட பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர்கள்தான். பாட்டு, தாளம், உச்சரிப்பு, இரவு முழுக்க நிற்கும் தெம்பு எல்லாம் அங்கே கிடைத்தது. இல்லையென்று யார் சொல்வார்கள்?

ஆனால் நமக்கு நினைவிருப்பது மேலே வந்த பத்துப் பேர். கம்பெனி வீட்டில் அடைபட்டு, வாத்தியாரிடம் அடி வாங்கி, மகரக்கட்டில் குரல் உடைந்ததும் வேடம் போன பையன்களின் பெயர் எங்கேயும் இல்லை. அங்கே நாடகம் பிள்ளையின் பிழைப்பு. பார்க்க வந்தவர்கள் டிக்கெட் வாங்கினார்கள், பையன் அதற்கு வேலை செய்தான். நம் பள்ளியில் அந்தக் கட்டாயம் கிடையாது. டிக்கெட் விற்காத இடத்தில் அந்தக் கண்டிப்பு மட்டும் எதற்கு?

15 ஜூன், பின்னிரவு

மேலே எழுதியதைக் கொஞ்சம் நீட்ட வேண்டும், படுத்த பிறகும் அதே நினைப்பு.

அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று டி. கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். அபிமன்யுவாக நடித்தது சிறுவன் சண்முகம். அந்த ஒரு பையனின் குரலும் உடம்பும் நினைவும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த மனிதர் எழுதியது அது. பெரியவர் எழுதினாலே பிள்ளைக்கு அதில் இடமில்லை என்று நான் சொல்வதாக ஆகிவிடக் கூடாது. யாருக்காக எழுதுகிறோமோ அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுவதற்கும், இணையத்தில் எடுத்த ‘விழிப்புணர்வு நாடகம்’ ஒன்றைக் கையில் கொடுப்பதற்கும் நிறைய தூரம்.

ஆசிரியைக்கு: நீங்கள் எழுதியே ஆக வேண்டும் என்றால் முதல் வகையில் எழுதுங்கள். அதுவும் எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

18 ஜூன்

தெருக்கூத்தின் கோமாளியான கட்டியக்காரனைப் பற்றி எழுதாமல் இந்த இழையை முடிக்க முடியாது.

எங்கள் பக்கம் தெருக்கூத்து ஊரில் உயிரோடு இருக்கிறது. கூத்துக்குப் பேர்போன புரிசை இங்கிருந்து தூரமில்லை. பாரதத் திருவிழா நடக்கும் ஊர்களில் துரியோதனன் படுகளம் பார்க்காத பிள்ளை இருக்காது. விளையாட்டு நேரத்தில் துண்டைத் திரையாகப் பிடித்து, அதன் பின்னால் ஒருவன் காலைத் தட்டி ஆடி, திரையை விலக்கி வெளியே வருவதை நானே பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கூத்தில் ராஜா வந்து தன் பெருமையைப் பாடுவார். கட்டியக்காரன் குறுக்கே புகுந்து, “அதெல்லாம் சரி, நீ யாரு?” என்பான். புராணக் காலத்திலும் இருப்பான், நேற்று நின்றுபோன பஸ்ஸைப் பற்றியும் பேசுவான். ராஜாவைக் கேலி செய்யலாம், பார்க்கிறவர்களோடு பேசலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை நம் மரபே ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய இதைவிட வசதியான கருவியை நான் பார்த்ததில்லை.

ஒத்திகையில் ஒரு பிள்ளைக்குக் கட்டியக்காரன் துண்டைக் கட்டிவிடுவேன். காட்சி போகும்போது எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, எந்தப் பாத்திரத்தையும் கேள்வி கேட்கலாம். கேட்கப்பட்டவர் பாத்திரமாகவே இருந்து பதில் சொல்ல வேண்டும். பாஞ்சாலி சபதத்தை எடுத்துக்கொண்டு ஒரு எட்டாம் வகுப்போடு வேலை செய்தபோது துண்டு ஒரு பெண்ணிடம் இருந்தது. தருமரை நிறுத்தி, “உன் தம்பிங்களைக் கேட்டியா, வைக்கிறதுக்கு முன்னாடி?” என்றாள். தருமன் வேடக்காரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவங்க சின்னவங்க, அவங்களை இன்னாத்துக்குக் கேக்கணும்?” என்றான். பின்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் தினமும் கேட்கும் பதில் அது. அந்தக் கேள்வி பதில் இரண்டுமே மேடையில் இடம் பிடித்தன.

துண்டு ஒரே ஆளிடம் நிற்கக் கூடாது. அடுத்த நாள் வகுப்பிலேயே வாய் திறக்காத பிள்ளையிடம் போக வேண்டும். முதலில் ஒன்றும் கேட்காது. இரண்டாவது முறை ‘நீ யாரு’ என்று மட்டும் கேட்கும். போதும்.

18 ஜூன், சற்றுப் பின்

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் செய்தது போலத்தானே இது என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், அதற்கும் இதற்கும் உறவு இருக்கிறது. பார்வையாளர் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி ஒடுக்கப்படுகிறவரின் இடத்தில் நின்று வேறு வழி முயல்வது அவருடைய முறை. பிரேசிலிலிருந்து நாடு கடத்தப்பட்ட காலத்தில் வளர்த்தெடுத்தது. அதையும் பள்ளியில் பயன்படுத்துகிறேன், குறிப்பாக ஒன்பது, பத்து வகுப்புகளில். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டியக்காரன்தான் முதலில் கைவருகிறான்.

19 ஜூன்

“பிள்ளைகளிடம் விட்டால் வடிவேலு காமெடிதான் செய்வார்கள்” என்கிறார் ஒருவர். உண்மை, முதல் நாள் அதைத்தான் செய்வார்கள். டி.வி.யில் பார்த்த ரியாலிட்டி ஷோவையும் செய்வார்கள். நான் தடுப்பதில்லை. அவர்களிடம் அப்போது இருக்கும் சரக்கு அது. அதைக் கேவலமாகப் பார்த்தால் அடுத்ததை நம்மிடம் காட்ட மாட்டார்கள். செய்து முடித்ததும், “இதே அடி வாங்கற ஆளு நம்ம ஊர்ல இருந்தா யாரு? எங்க வேலை பாப்பாரு?” என்று கேட்பேன். செங்கல் சூளைக்குப் போகும், ரேஷன் கடை வரிசைக்குப் போகும். சிரிப்பு அப்படியே இருக்கும், ஆள் மட்டும் தெரிந்தவராகிவிடுவார்.

21 ஜூன்

யார் ராஜா, யார் சேவகன் என்ற இடத்தில் சாதி வந்து உட்காரும். பேசாமல் தாண்டிப் போகிற கட்டுரைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

‘நீங்களே பிரிச்சுக்குங்க’ என்று விட்டால் தெருக் கணக்கில் பிரிவார்கள். ராஜா ஒரு தெருவிலிருந்து வருவான். பறை அடிக்க யார் என்றதும் எல்லாத் தலையும் ஒரே பையனைப் பார்க்கும். அவன் நன்றாகவே அடிப்பான், ஆனால் அன்றைக்கு அடிக்க மாட்டேன் என்பான். பிள்ளைகளிடம் முடிவைக் கொடுப்பது என்பதற்காக இந்த முடிவையும் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றால், ஊர் ஏற்கெனவே எடுத்த முடிவைத்தான் நாம் மேடையேற்றுவோம். இங்கே பெரியவர் தலையிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேடம் சுற்றில் வரும் என்பது என் ஏற்பாடு. ஒத்திகை முழுக்க எல்லாரும் எல்லா வேடமும் செய்வார்கள்; மேடையில் யார் என்பது கடைசி வாரத்தில் சீட்டுக் குலுக்கி. பறையை எல்லாரும் கற்க வேண்டும், ராஜாவாக நின்றவனும். தோலைக் காய்ச்சுவதிலிருந்து. ஒரு ஊரில் பெற்றோர் இரண்டு பேர் வந்து, “எங்க பையன் அதைத் தொட மாட்டான்” என்றார்கள். தலைமை ஆசிரியர் அவர்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “இது பள்ளிக்கூடத்துப் பாடம், எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அப்படிப்பட்ட ஒருவர் பள்ளியில் இல்லாவிட்டால் எந்த நாடகக்காரன் வந்தும் பயனில்லை.

24 ஜூன்

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டது, பொதுவில் பதில் சொல்வது நல்லது என்று படுகிறது. பிள்ளை தன் வீட்டுக் கதையைக் கொண்டுவந்தால்?

வரும். அப்பா குடித்துவிட்டு வருவது ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் வரும். அதை அந்தப் பிள்ளையே, தன் வாயால், ஊர் முன்னால் நடிக்க வைப்பது கொடுமை. கண்ணீர் வரும், கைதட்டல் வரும். மறுநாள் அந்தப் பிள்ளை அதே தெருவில் நடக்க வேண்டும், அதே வீட்டுக்குப் போக வேண்டும். ‘தத்ரூபமா இருந்துச்சு’ என்று பாராட்டுகிறவர்கள் அதை யோசிப்பதில்லை.

என் பழக்கம் இது: ‘எனக்கு நடந்தது’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, ‘ஒரு ஊர்ல’ என்று தொடங்கினால் போதும். கதையைச் சொன்னவர் அதில் நடிக்கக் கூடாது. ஊர், உறவு, தொழில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம். சில சமயம் மனிதர்களையே மாற்றிவிடுவோம், குடிகார அப்பா தினம் ராத்திரி திமிங்கிலமாகி வீட்டுக்குள் நுழையும் கதை ஒன்று அப்படி வந்தது. வீடு நனைந்துவிடும், பாட்டி பாத்திரத்தால் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுவாள். பார்த்த தாய்மார்கள் எல்லாருக்கும் புரிந்தது. யார் வீடு என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அடி, பாலியல் தொல்லை என்று தெரிந்தால் அந்த நிமிடம் நாடகத்தை விட்டுவிடுங்கள். பாலியல் தொல்லை என்றால், அதிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இன்படி தெரிந்தவர் புகார் கொடுத்தாக வேண்டும், ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்பதற்கு அங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐ ஒத்திகை நடக்கும் இடத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். பிள்ளையிடம் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

26 ஜூன்

யாரெல்லாம் இதைச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டவருக்கு.

புதுவையில் வேலு சரவணன், ஆழி குழு. கோமாளியாகப் பள்ளிக்குள் நுழைவார்; பார்க்கும் பிள்ளைகள் கத்திப் பதில் சொல்லித்தான் நாடகமே நகரும். காந்திகிராமத்திலிருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறைக்குப் போன சே. இராமானுஜம் குழந்தைகள் நாடகத்தைப் பெரியவர் நாடகத்துக்கு இணையாக எடுத்துக்கொண்டவர். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் காலமானார். அங்கே முதலில் களப்பயிற்சி, விளையாட்டு, கூடிப் பாடுவது; பிரதி அப்புறம். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போரைப் பார்த்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண், படம், கதை, நாடகம் என்று செய்தார்கள்.

இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பள்ளியில் பரீட்சைப் பாடம். பரீட்சை என்றால் மனப்பாடமும் கூடவே வரும், அந்தக் குறை எனக்குத் தெரியும். இருந்தாலும் கால அட்டவணையில் ஒரு இடம், அதற்கென்று படித்த ஓர் ஆசிரியர் இருக்கிறார்களே. இந்தியாவின் 2005 தேசியக் கலைத்திட்ட (பாடத்திட்ட) வடிவமைப்பு, பத்தாம் வகுப்புவரை கலைக்கல்வி கட்டாயம் வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் 2012இல் ஐயாயிரம் ரூபாய் சம்பளத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாம் இருந்தது, நாடகத்துக்கென்று ஆள் இல்லை. வாரத்தில் மூன்று அரை நாள் வந்து, நிரந்தரம் கேட்டுத் தெருவில் நிற்கும் அந்த ஓவிய ஆசிரியரும் இசை ஆசிரியரும்தான் பல பள்ளிகளில் நாடகத்தையும் தூக்கிச் சுமக்கிறார்கள். இந்த இழையில் அவர்களைப் பற்றி யாருமே பேசவில்லை.

1 ஜூலை

ஆசிரியை திரும்பி வந்து எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வட்டமாக உட்கார வைத்துப் பேசினாராம். டெங்கு, பிளாஸ்டிக் என்று தலைப்புச் சொல்லிப் பார்த்திருக்கிறார், யாரும் அசையவில்லை. ‘உங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் எது கஷ்டம்’ என்றதும் பெண் பிள்ளைகள் கழிப்பறைப் பூட்டைச் சொல்லியிருக்கிறார்கள். சாவி ஆசிரியர் அறையில் இருக்கிறது. ஆண் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும்போது போய்க் கேட்கக் கூச்சம். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ‘இதை எப்படி மேடையில் போடுவது, தலைமை ஆசிரியர் என்னைத்தான் கேட்பார்’ என்கிறார்.

இதை முதலிலேயே மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். வகுப்பறையில் ஐந்து நிமிடக் காட்சியாக, தலைமை ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் காட்டுங்கள். நீங்கள் முன்னுரை சொல்லாதீர்கள், பிள்ளைகள் பேசட்டும். முடிந்ததும் கட்டியக்காரன் துண்டை அவரிடம் கொடுத்து, ‘யாரையாவது நிறுத்திக் கேள்வி கேளுங்க சார்’ என்று சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். ஒருவேளை அவர் கோபப்பட்டால் பிள்ளைகள் மேல் அது விழாதபடி நீங்கள் நிற்க வேண்டும். அதற்குத் தயார் இல்லையென்றால் இப்போதே பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிட்டு வேறு கதை தேடுங்கள்.

2 ஜூலை

நேற்று எழுதியதன் கடைசி வரி கடுமையாக இருக்கிறது என்று இரண்டு பேர். அப்படியே நிற்கட்டும். பிள்ளைகளைப் பேச வைத்துவிட்டு, பேசியதற்கு அடி விழும்போது நழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு டெங்கு நாடகமே மேல்.

7 ஜூலை

கழிப்பறைச் சாவி இடம் மாறிவிட்டதாம். சத்துணவு அக்கா கையில் இருக்கிறது இப்போது, கேட்காமலே காலையில் திறந்து வைக்கிறார். இனி நாடகம் எதற்கு என்று ஆசிரியை கேட்க, பிள்ளைகள் விடவில்லை, போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள்.

கேட்டிருந்த மற்ற விஷயங்களுக்கு: கலைத் திருவிழாப் போட்டிக்கு நிமிடக் கணக்கு உண்டு, நாடகத்தை முழுதாகச் செய்துவிட்டு அதற்கேற்ப வெட்டுங்கள், முதலிலேயே சுருக்கினால் முடிவு மட்டும்தான் மிஞ்சும். எதை வெட்டுவது என்று கைதூக்கி முடிவு செய்யட்டும். ஒரு பீரியடு பத்தாது, கடைசி இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்குங்கள். ஹால் இல்லையென்றால் வேப்பமரத்தடி போதும், மைக் வேண்டாம். நடிக்க விருப்பமில்லாத பிள்ளைக்குத் திரை பிடிப்பது, தாளம், பொருள்கள் பொறுப்பு, எல்லாம் இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் அவர்களையும் எழுதுங்கள். ‘எழுத்து’ என்ற இடத்தில் ‘ஏழாம் வகுப்பு’ என்று பொதுவாகப் போடாமல் ஒவ்வொரு பெயராக, முதலெழுத்தோடு.